இரண்டு ஒக்டோபர் 30களும் ஒரு கிளினிக் கொப்பியும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

சென்ற தவணையில் தரம் 10 பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஒரு வீட்டு வேலை கொடுத்தோம். "உங்கள் வீட்டில் இருக்கிற ஆகப் பழைய கடதாசி ஒன்றைக் கொண்டு வாருங்கள். அதன் கதையைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்." அவ்வளவுதான். அடுத்த கிழமை மேசை நிறைந்துவிட்டது. காணி உறுதியின் பிரதி, கூப்பன் மட்டை, கலியாண அழைப்பிதழ், வெளிநாட்டிலிருந்து வந்த நீலக் கடிதம்.

மருதனார்மடம் சந்தைக்குப் பின்னால் இருக்கிற ஒரு பிள்ளை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கிளினிக் கொப்பியைக் கொண்டு வந்தாள். அவளுடைய அம்மப்பாவின் கொப்பி. பிரசரும் தொய்வும். அட்டை கழன்று, ஓரமெல்லாம் தண்ணீர் ஊறிக் காய்ந்த தடம். 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுதும் மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தபோது, அவளுடைய அம்மம்மா இதைச் சட்டைக்குள் செருகி வைத்திருந்தாவாம். கைதடியில் தங்கிய இடத்தில் அம்மப்பாவுக்கு இழுப்பு வந்து மூச்சு முட்டியபோது, முன்பின் தெரியாத ஒரு டொக்டர் இந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துத்தான் மருந்து தந்தாராம். பிள்ளை எழுதியிருந்த கட்டுரை அரைப் பக்கம்தான். ஆனால் அன்று வகுப்பில் வேறு கடதாசியைப் பற்றி யாரும் பேசவில்லை.

"சேர், உங்கட வீட்டில என்ன பழைய கடதாசி இருக்கு?" என்று ஒருவன் கேட்டான்.

எங்கள் வீட்டில் 1990 ஒக்டோபர் 30க்கு முந்திய கடதாசி ஒன்றும் இல்லை. அன்று விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொல்லப்பட்டார்கள். நாம் அப்போது கைக்குழந்தை. எமக்குப் போட்ட தடுப்பூசிகளின் அட்டை சோனகத் தெரு வீட்டு அலுமாரிக்குள் கிடந்தது. புத்தளத்தில் முகாமுக்கு வந்த மருத்துவமாது, "பிள்ளைக்கு என்னென்ன ஊசி போட்டது?" என்று கேட்க, உம்மா விரல் மடித்து எண்ணினாவாம். கணக்குச் சரிவரவில்லை. சில ஊசிகளைத் திரும்பவும் போட்டார்கள்.

இரண்டு ஒக்டோபர் 30கள். ஐந்து வருட இடைவெளி. ஒரு வீட்டில் ஏடு மனிதரோடு போனது, மற்ற வீட்டில் அலுமாரியில் தங்கிவிட்டது. இதில் எந்த வீட்டின் துயரம் பெரிது என்று நிறுக்க வரவில்லை. எங்கள் கேள்வி வேறு. ஊர் விட்டு ஊர் போகிற மனிதரின் வைத்திய ஏடு எங்கே இருக்க வேண்டும்? அவர் கையிலா, வைத்தியசாலை றாக்கையிலா?

இதைத் தேடி வாசித்துக்கொண்டு போனபோது, இந்தக் கேள்வியில் நெடுங்காலம் தலையை உடைத்துக்கொண்டவர்கள் இராணுவ வைத்தியர்கள் என்று தெரிந்தது. இராணுவம் என்ற சொல்லை இந்த ஊரில் எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும். எங்களுக்கும் தயங்கியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஓரிடத்தில் நிலைத்து இராதவன், இன்று இங்கே நாளை எங்கேயோ என்று அனுப்பப்படுபவன் சிப்பாய். இடம்பெயர்ந்தவரின் ஏட்டுப் பிரச்சினையும் அவனுடைய ஏட்டுப் பிரச்சினையும் ஒன்றுதான். அதனால் அவர்கள் பட்டுக் கற்ற பாடம் எமக்கும் உதவும்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். வாட்டில் படுத்திருக்கும் நோயாளிக்குக் கட்டில் தலைமாட்டில் ஒரு டிக்கெட் தொங்கும். அவர் அங்கேயே இருக்கிறார், அவருடைய ஏடும் அங்கேயே இருக்கிறது. பிரச்சினை இல்லை. வெளிநோயாளர் அப்படியல்ல. அவர் வருவார், துண்டு எடுப்பார், மருந்து வாங்குவார், போய்விடுவார். மூன்று மாதம் கழித்து வருவார், அல்லது வேறு வைத்தியசாலைக்குப் போவார். அவர் நடமாடுகிறார். ஏட்டை எங்கே வைத்தாலும் அது ஒருநாள் தப்பான இடத்தில்தான் இருக்கும்.

கதை எமது நாட்டிலிருந்தே தொடங்குகிறது. 1808 முதல் 1821 வரை இலங்கையில் பிரித்தானியப் படையின் சத்திரசிகிச்சையாளராக இருந்தவர் ஹென்றி மார்ஷல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். உள்நாட்டின் காய்ச்சல், கழிச்சல், வேறு நோய்கள் பற்றி 1821 இல் ஒரு நூல் எழுதினார். பிற்காலத்தில் இராணுவ மருத்துவப் புள்ளிவிபரத்தின் தந்தை என்று அவரைச் சொன்னார்கள். பிரித்தானியப் படை நிலைகளில் இருந்த வைத்தியர்கள் எத்தனை பேர் நோயாளராக வந்தார்கள், என்ன நோய், எத்தனை பேர் சுகமானார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஒழுங்காக லண்டனுக்கு எழுதி அனுப்பினார்கள். அந்தக் கடதாசிகள் வருடக்கணக்காக அங்கே குவிந்து கிடந்தன. 1835 இல் மார்ஷலும் அலெக்சாண்டர் டலொக் என்ற அதிகாரியும் அவற்றைத் தூசு தட்டி எடுத்துக் கூட்டிக் கழித்தார்கள். 1838 இல் மேற்கிந்தியத் தீவுகள் பற்றிய முதல் அறிக்கை வந்தது. 1841 இல் இலங்கைப் படைகள் பற்றிய அறிக்கை டலொக்கின் பொறுப்பில் வந்தது.

அந்த அறிக்கை ஐரோப்பியச் சிப்பாய்களையும், இந்தியரையும், ஆபிரிக்கரையும், மலாய் வீரர்களையும் தனித்தனியே பிரித்துக் கணக்கிட்டது. மலாய் வீரர்கள் எமது மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களின் சந்ததியினர் இன்றும் எமது நாட்டில் வாழ்கிறார்கள். அவர்களைவிட வெள்ளைச் சிப்பாய்கள் மிக அதிகமாக இறந்தார்கள் என்பது எழுத்தில் வந்தது. "கொஞ்சக் காலம் இருந்தால் உடம்பு இந்தச் சூட்டுக்குப் பழகிவிடும்" என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. வருடக்கணக்கைப் போட்டுப் பார்த்ததில் அந்த நம்பிக்கை பிழை என்று தெரிந்தது. ஒரு தனி வைத்தியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தன் கண்ணால் இதைக் கண்டிருக்க முடியாது. ஆயிரக்கணக்கான துண்டுகள் ஓரிடத்தில் சேர்ந்ததால்தான் தெரிந்தது.

இது ஏட்டை நிறுவனம் வைத்திருப்பதன் பயன். ஆனால் அந்த அறிக்கையில் ஒரு மலாய் வீரனின் பெயரும் இல்லை. எண்ணிக்கை உண்டு, ஆள் இல்லை. அந்த ஏடுகள் மேலதிகாரிக்காக எழுதப்பட்டவை, நோயாளிக்காக அல்ல.

எழுதினால் மட்டும் போதாது, ஒரே மாதிரி எழுத வேண்டும் என்பதை உலகத்துக்கு உறைக்கச் சொன்னவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல். விளக்கேந்திய சீமாட்டி என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1854 இல் கிரிமிய யுத்தத்தின்போது ஸ்குட்டாரி இராணுவ வைத்தியசாலைக்குப் போனவர். அங்கே இறப்புக்களைப் பதிய வெவ்வேறு இடாப்புக்கள் இருந்தன. ஒன்றின் தொகை மற்றதோடு ஒத்துவரவில்லை. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதே சரியாகத் தெரியாத இடத்தில், ஏன் இறந்தார்கள் என்று எப்படிக் கேட்பது? ஊர் திரும்பியபின் அவர் செய்த பெரிய வேலைகளில் ஒன்று, எல்லா வைத்தியசாலைகளும் ஒரே படிவத்தில் பதிய வேண்டும் என்று வாதாடியது.

முதலாம் உலகப் போரில் இன்னொரு படி. காயப்பட்டவனின் உடுப்பிலேயே ஒரு அட்டையைக் கட்டி அனுப்பினார்கள். என்ன காயம், என்ன மருந்து கொடுத்தது என்று அதில் இருக்கும். அடுத்த கூடாரத்து வைத்தியர் அதைப் பார்த்து வேலையைத் தொடங்குவார். கைதடியில் அந்த அம்மம்மா சட்டைக்குள்ளிருந்து எடுத்த கொப்பியும் இதே வேலையைத்தான் செய்தது.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். வெளிநோயாளர் கோப்பை வைத்திருப்பதை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தவர்கள் அவர்கள். அந்தக் காலத்தில் அங்கே இராணுவ வீரன் ஒருவனுடைய வெளிநோயாளர் கோப்பு அவன் வேலை செய்த முகாமின் கிளினிக்கில் இருந்தது. இடமாற்றம் வந்தால் கோப்பும் அவனைத் தொடர்ந்து அடுத்த முகாமுக்குப் போக வேண்டியிருந்தது. சேவையை விட்டு விலகியபோது அவனுடைய சேவைக் கோப்போடு சேர்ந்து மத்திய களஞ்சியத்துக்குப் போனது.

ஒரு கிளினிக்கில் ஆயிரக்கணக்கில் கோப்புக்கள். டொக்டர் கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்க வேண்டும். எப்படி அடுக்குவது? எமது பாடசாலைச் சேர்விலக்கத்தை வைத்து விளங்கப்படுத்துகிறோம். 4826, 4827, 4828 என்று வரிசையாக அடுக்கினால், புதுக் கோப்பெல்லாம் றாக்கையின் கடைசி மூலையில் வந்து குவியும். எல்லா இலிகிதரும் அந்த ஒரு மூலையிலேயே முட்டி மோதுவார்கள். அங்கே இடமில்லாமல் போக, பழைய பக்கம் வெறுமையாகக் கிடக்கும். அதனால் அவர்கள் இலக்கத்தைப் பின்னாலிருந்து வாசித்தார்கள். கடைசி இரண்டு இலக்கம்தான் றாக்கை. 27 என்று முடிவதெல்லாம் 27ஆம் பிரிவுக்கு. 28 என்று முடிவதெல்லாம் 28க்கு. 00 தொடக்கம் 99 வரை நூறு பிரிவும் சமமாக வளரும்.

அதோடு நிறமும். பத்துப் பத்துப் பிரிவுக்கு ஒவ்வொரு நிறத்தில் கோப்பு மட்டை, மொத்தம் பத்து நிறம். நீல மட்டைகளுக்கு நடுவில் ஒரு மஞ்சள் மட்டை நின்றால் வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடலாம், அது இடம் மாறி வைத்தது என்று. ஒரு கோப்பை யாராவது எடுத்தால் அந்த இடைவெளியில் ஒரு அட்டையைச் செருக வேண்டும். யார், எந்தத் திகதியில், எந்தப் பிரிவுக்கு எடுத்தார் என்று அதில் இருக்கும். கோப்புக்குள்ளே ஒவ்வொரு வருகையும் திகதி வரிசையில். கணினி இல்லாத காலத்தில் மட்டை, நிறம், இலக்கம் மூன்றையும் வைத்து நடத்திய ஒழுங்கு இது. எங்கள் ஓபீஸ் அலுமாரியை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் இந்த ஒழுங்கும் இரண்டு இடத்தில் பெரிய அடி வாங்கியது.

முதல் அடி 1973 ஜூலை 12. சென்ட் லூயிஸ் நகருக்கு அருகில் இருந்த மத்திய களஞ்சியத்தின் ஆறாம் மாடியில் தீப்பிடித்தது. அணைத்து முடிக்க நாலு நாளுக்கு மேல் எடுத்தது. 160 முதல் 180 இலட்சம் வரையான கோப்புக்கள் அழிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புக்களில் ஏறக்குறைய 80 சதவீதம் அதில் போனது. பிரதி இல்லை. நுண்படம் இல்லை. என்னென்ன எரிந்தது என்று பார்க்க ஒரு சுட்டிப் பட்டியல்கூட இல்லை. போரில் காது போனவர், நுரையீரல் கெட்டவர், இது யுத்தத்தில் வந்தது என்று நிரூபித்து உதவிப்பணம் கேட்க வேண்டியவர்களுக்குக் கையில் ஒரு கடதாசி இல்லை. 97,000 நூல்கள் எரிந்த ஊரில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறோம். ஒரே ஒரு பிரதி என்றால் என்ன என்று எமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இதில் ஒரு ஆறுதல் உண்டு. யுத்த காலத்தில் புள்ளிவிபரத்துக்காக மட்டும் இராணுவ வைத்தியசாலை அனுமதிகளின் சுருக்கத்தைத் தனியாகப் பதிந்து வைத்திருந்தார்கள். 1942 முதல் 1945 வரையும் 1950 முதல் 1954 வரையும் ஏறக்குறைய ஒரு கோடிப் பதிவுகள். 1988 இல் அவை அந்தக் களஞ்சியத்துக்கு வந்து சேர்ந்தன. யாரோ கணக்குப் பார்ப்பதற்காக எழுதிய சுருக்கம், எத்தனையோ முதியவர்களுக்கு அத்தாட்சியாக மாறியது. இன்னொரு இடத்தில் இன்னொரு பிரதி, அது எவ்வளவு சுருக்கமாக இருந்தாலும், இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

இரண்டாவது அடி 1990-91 வளைகுடா யுத்தம். நாங்கள் புத்தளத்துக்கு வந்து இறங்கிய அதே மாதங்கள். ஏறக்குறைய 7 இலட்சம் அமெரிக்கப் படையினர் பாலைவனத்துக்குப் போனார்கள். திரும்பி வந்தபின் பலருக்குத் தீராத சோர்வு, உடல் வலி, மறதி. "உங்களுக்கு அங்கே என்ன ஊசி போட்டார்கள்? எந்த இடத்தில் இருந்தீர்கள்?" என்று வைத்தியர்கள் கேட்டார்கள். பதிவைத் தேடினால் பலருக்குப் பதிவு இல்லை, அல்லது அரைகுறை. களத்தில் எழுதிய துண்டுகள் சொந்த முகாமின் கோப்போடு வந்து சேரவில்லை. உலகத்தின் ஆகப் பணக்கார இராணுவத்தின் வீரர்களும் எங்கள் உம்மாவைப் போல விரல் மடித்து எண்ணித்தான் பதில் சொன்னார்கள். 1997 இல் அங்கே சட்டம் கொண்டுவந்தார்கள். களத்துக்குப் போகுமுன்னும் திரும்பிய பின்னும் பரிசோதித்துப் பதிய வேண்டும், அந்தப் பதிவு ஓரிடத்தில் பேணப்பட வேண்டும் என்று.

சரி, எமது வழக்கம் என்ன? எமது அரச வைத்தியசாலைகளில் கிளினிக் கொப்பி நோயாளியின் கையிலேயே இருக்கிறது. யுத்த காலத்தில் அது எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். சோதனைச் சாவடியில், "மருந்துக்குத்தான் போகிறேன்" என்று அதைக் காட்டி விளக்கம் சொன்னவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். ஒரு பழைய காயத்தைப் பற்றிய வரி ஆபத்தாகிவிடுமோ என்று அதை ஒளித்து வைத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

ஆனால் கையில் மட்டும் இருப்பதும் போதாது. இரண்டு வருடத்துக்கு முன் உம்மாவின் கொப்பி பஸ்சில் தவறிவிட்டது. எட்டு வருடக் கதை அதற்குள் இருந்தது. கிளினிக்கில் போய்ச் சொன்னால், அங்கே வந்த திகதிகள் மட்டும்தான் இடாப்பில் இருந்தன. எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தியது, எப்போது அளவைக் கூட்டியது, ஒன்றும் இல்லை. எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து. யாரையும் குறை சொல்லவில்லை. அங்கே வேலை செய்பவர்கள் ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கிறார்கள் என்று கண்ணால் கண்டோம்.

விடை எமக்கு முன்னாலேயே இருக்கிறது. கர்ப்பிணித் தாய்மாரின் பதிவேட்டைப் பாருங்கள். ஒரு பிரதி தாயிடம், மற்றது மருத்துவமாதுவிடம். தாய் எங்கே போனாலும் ஒன்று போகும், வீட்டில் தொலைந்தாலும் ஒன்று இருக்கும். தாய்சேய் நலத்தில் எமது நாட்டை உலகம் பாராட்டுகிறது என்றால், அதற்குப் பின்னால் இந்த அட்டைகளும் இருக்கின்றன. ஆசிரியர்களான எமக்கும் இது புதிதல்ல. பிள்ளை விலகும்போது விடுகைப் பத்திரம் பிள்ளையின் கையில். சேர்விடாப்புப் பாடசாலையில். இரண்டிலும் ஒரே இலக்கம். கலாசாலையில் இதைக் கற்றபோது வெறும் எழுத்து வேலை என்று அலுத்துக்கொண்டோம். இன்று அப்படி நினைக்கவில்லை.

இன்னுமொரு குறை உண்டு. கொப்பி உங்கள் கையில்தான். ஆனால் அதை வாசிக்க உங்களால் முடியுமா? முழுதும் ஆங்கிலம், அதுவும் சுருக்கெழுத்து. கிட்டடி மானிப்பாயில் வைத்தியம் செய்த சாமுவேல் கிறீன் 1847 இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர். தமிழ் கற்று, மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். நோயைப் பற்றிய அறிவு நோயாளியின் மொழியில் இருக்க வேண்டும் என்று ஒரு அந்நியர் இந்த மண்ணில் நின்று பிடிவாதம் பிடித்து 150 வருடத்துக்கு மேலாகிறது. எமது கொப்பியின் முதல் பக்கமாவது தமிழில் இருக்கக் கூடாதா?

அதனால் உறவுகளே, சில சின்ன வேண்டுகோள்கள்.

ஒன்று. வீட்டில் கிளினிக் கொப்பி உள்ள ஒவ்வொருவரின் கொப்பியையும் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து, நம்பிக்கையான இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். பிள்ளை கொழும்பிலோ கனடாவிலோ இருந்தால் அங்கேயும் ஒன்று இருக்கட்டும். ஒவ்வொரு கிளினிக்குக்குப் பிறகும் புதுப் பக்கத்தை மட்டும் எடுத்தால் போதும்.

இரண்டு. முன் அட்டையின் உட்பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். பெயர், பிறந்த ஆண்டு, என்ன நோய், எந்த மருந்து, எவ்வளவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, அவசரத்துக்கு யாருக்குப் போன் எடுப்பது. மருந்தின் பெயரை மட்டும் மருந்தாளரிடம் காட்டிச் சரிபாருங்கள். ஊகித்து எழுதாதீர்கள்.

மூன்று. கொப்பி முடிந்து புதியது தந்தால் பழையதை எறியாதீர்கள். இரண்டையும் சேர்த்துத் தையுங்கள்.

நான்கு. இது அமானிதம். ஒருவரின் கொப்பியைப் படம் எடுத்தால் அது அவருடைய நலனுக்கு மட்டும். குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டு, "மாமிக்குச் சீனி கூடிவிட்டது" என்று ஊருக்குச் சொல்வதற்கல்ல. குர்ஆனின் ஆக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது என்று எமது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். எழுதி வைப்பது நீதிக்காக. எழுதியதைக் காப்பதும் அதே நீதியின் பாதி.

வருகிற சனிக்கிழமைகளில் தரம் 10 பிள்ளைகளோடு அயல் வீடுகளுக்குப் போய், விரும்பும் முதியவர்களுக்கு அந்தத் தமிழ்ப் பக்கத்தை எழுதிக் கொடுக்கலாம் என்று யோசித்திருக்கிறோம். பெற்றோரின் சம்மதம் கேட்டிருக்கிறோம். தாதியாகவோ மருந்தாளராகவோ வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் கூட வந்தால் எமக்குப் பெரிய பலம். உட்பெட்டியில் எழுதுங்கள்.

அந்தப் பிள்ளையின் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது, அம்மம்மாவிடம் கேட்டு ஒரு போட்டோக்கொப்பி எடுத்துப் பாடசாலையிலும் வைக்கலாமா என்று கேட்டோம். மறுநாள் பதில் வந்தது. "எடுங்கோவாம் சேர். ஆனா அவற்ற பேரை மறைச்சுப்போட்டு எடுக்கட்டாம். கொப்பி பத்திரமாம், இன்னும் அவவின்ர தலகணிக்குக் கீழதான் இருக்காம்."

பெயரை மறைத்துத்தான் எடுத்தோம்.

தகவல்களில் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். உங்கள் வீட்டுக் கொப்பியின் கதை ஏதும் இருந்தால், நோயைச் சொல்லாமல் கதையை மட்டும் கீழே எழுதுங்கள்.